இடம் சொல்லாதவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம் காரணமில்லை, பெருந்தன்மை என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. ஆயுசு முழுக்க எந்த இடத்தையும் யாருக்கும் நேராகச் சொல்லாத ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் பெயரையாவது நான் சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் முறை. மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கடலோரக் குப்பத்துப் பெண்கள் அவரை ‘டப்பா சார்’ என்று கூப்பிட்டார்கள். அது போதும்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்தப் பிர்க்காவுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். இடத்தைச் சொல்வதுதான் என் பிழைப்பு. சர்வே எண், பரப்பு, வடக்கே யார், தெற்கே என்ன, கிழக்கே எது, மேற்கே எது. இந்த நான்கெல்லை இல்லாத காகிதத்தில் என் கையெழுத்து விழுந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சிநேகிதர், “எங்கேர்ந்து சார் வர்றீங்க?” என்று கேட்டால் கையை அரைவட்டமாக வீசி, “இந்தப் பக்கம்தான்” என்பார். அந்த அரைவட்டத்துக்குள் திண்டிவனம் தாலுகா முழுவதும் வங்காள விரிகுடாவில் பாதியும் அடங்கும்.

முதல் நாள் பார்த்தபோதே பிடிபட்டவர் மாதிரிதான் நின்றார். ஓடையை ஒட்டிய புறம்போக்கில் யாரோ புதிதாக வரப்பு போடுகிறார்கள் என்று புகார் வந்து, சைக்கிளில் போயிருந்தேன். வரப்பு எதுவும் இல்லை. பேண்ட்டைத் தொடை வரை சுருட்டிவிட்டு, முழங்கால் சேற்றில் ஒரு மனிதர் குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பல்பொடி டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“யாரு நீங்க? டப்பாவுல என்ன?”

“ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லாததை ஏன் மறைக்கிறீங்க?”

“பழக்கம்,” என்றார்.

அவர் எனக்குச் சொன்ன பதில்களில் முழு உண்மை அது ஒன்றுதான் என்று பிற்பாடு தோன்றியிருக்கிறது.

டப்பாவைத் திறக்கச் சொன்னேன். ஈரப் பஞ்சின் மேல் நான்கைந்து நெல்மணிகள் கிடந்தன. சர்க்கார் புறம்போக்கில் நெல் திருடுகிறாரா என்று ஒரு கணம் குழம்பினேன். அங்கே விளைவது உமரிச் செடியும் சேறும்தான். அவர் நாலா பக்கமும் பார்த்தார். தூரத்தில் ஒரு கொக்கு நின்றிருந்தது. அது கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தி, “நத்தை சார். கடல் நத்தை” என்றார்.

ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்துக் காட்டும் உத்தியோகம். பதினாலு வருஷமாக அதே நாற்காலி. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் புரொபசர் ஆகிவிட்டார்கள். இவர் மட்டும் தவளையோடு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரும் பஸ்ஸில் ஏறி, பெருமுக்கல் என்று சொல்லி டிக்கெட் வாங்குவார். பெருமுக்கலில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து மரக்காணம் வருவார். திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸின் கண்டக்டருக்குக்கூடத் தான் எங்கே போகிறோம் என்பது தெரியக் கூடாது. கல்லூரியிலும் வீட்டிலும் பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். புருஷனுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதில் அவர் மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாராவாரம் தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு முழம் பூ என்று பையில் போட்டு அனுப்புவார். அந்தத் தேங்காய் என் வீட்டில் சட்னி ஆகும். பூ என் மனைவி தலைக்குப் போகும். மாலையில் கிளம்பும்போது எங்கள் பூஜை மாடத்திலிருந்து கொஞ்சம் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்வார், மலைக் கோயில் பிரசாதமாக.

“சாமி குத்தம் ஆயிடப் போவுது,” என்றாள் என் மனைவி.

“இது மட்டும் சாமி இல்லையாம்மா? எல்லாம் இந்தப் பக்கம்தானே இருக்குது,” என்றார் அவர்.

நாங்கள் சிரித்தோம். ஒரு மனிதர் தன் வீட்டுக்கே பொய் சொல்வதைப் பார்த்துச் சிரிக்கிறவன், அந்தப் பொய் தன் வீட்டு வாசலுக்கு வரும்போது ஆச்சரியப்படக் கூடாது. இதற்கு விதி எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

நத்தையை எனக்குக் காட்டியவர் அவர்தான். அதை மறுக்க மாட்டேன். சேற்றில் என்னையும் இறக்கி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, “குனிங்க, இன்னும் குனிங்க” என்றார். வெறுங்கண்ணுக்கு நெல்மணி. கண்ணாடிக்குள் அது வேறு ஜாதி. கூம்பாக ஏறும் சுற்றுகள். சுற்றுக்குச் சுற்று மணி கோத்தது போலப் புடைப்பு. பழுப்பின் மேல் வெளிறிய இரண்டு கோடுகள். வாசலை அடைத்துக்கொள்ள மீன் செதிலைவிட மெல்லிய மூடி. கடல் ஏறி வெள்ளம் வடிந்ததும் ஈரச் சேற்றில் படிந்திருக்கும் பச்சைப் பாசியை மேய்ந்தபடி நகரும். வெயில் ஏறினால் உமரித் தண்டில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, மூடியைச் சாத்திக்கொண்டு, அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருக்கும்.

“மழைத் தண்ணி வந்தா ஆவாது சார். உப்புப் பாத்தித் தண்ணியும் ஆவாது. கடல் ஓடைக்குள்ள வந்து வந்து போற எடம் இருக்குது பாருங்க, ரெண்டு முழ அகலம், அதான் அதுக்கு ஊரு. அதைவிட்டு மேலயும் வராது, கீழயும் போவாது.”

“நம்ம கிராமக் கணக்கு கர்ணம் மாதிரி,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நத்தை விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை கிடையாது. அதே சேற்றில் சுண்டுவிரல் நீளத்தில் பெரிய நத்தை ஒன்று, குப்பத்தில் ஊரி என்பார்கள், ஆயிரக்கணக்கில் கிடக்கும். பார்க்கிற எவனும் இதை அதன் குஞ்சு என்றுதான் சொல்வான். அது குஞ்சு இல்லை, முழுதாக வளர்ந்த தனி இனம், இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்பது அவர் கட்சி. “வாய் விளிம்பைப் பாருங்க. தடிச்சிருக்குதா? குஞ்சுன்னா மெல்லிசா இருக்கும். இது வளர்ந்து முடிச்சிடுச்சு சார். இதான் இதோட முழு உசரம்” என்றார். பதினாலு வருஷமாக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் அதைச் சொன்னபோது நான் நத்தையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

நத்தை அதிகம் இருக்கும் இடத்தைக் காட்டியவள் மங்காத்தா. குப்பத்துப் பெண்கள் இருபது பேர் தினமும் அந்த ஓடையில் இறங்கி இறால் தடவுவார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பது. ஆண்களின் கட்டுமரம் வெறுமனே திரும்பும் நாளிலும் அடுப்பு எரிந்தது அந்தப் பறியால்தான். மங்காத்தா அவர்களில் மூத்தவளும் இல்லை, தலைவியும் இல்லை. வாய் பெரிசு, அவ்வளவுதான்.

“இன்னா சார், நெல்லு ஊரியப் போயி பொன்னு மாரி ஒண்ணொண்ணா பொறுக்குறே? அந்த மொனைக்கு வா, அள்ளிக்கினு போவலாம்.”

டப்பா சார் அவள் பின்னால் போனார். சொன்னது சரி. உமரிப் புதருக்கு அடியில் நெல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போலக் கிடந்தது.

“நீ எந்த ஊரு சார்?” என்று கேட்டாள்.

“இந்தப் பக்கம்தாம்மா.”

“நல்லாருக்குதே நாயம். எங்க எடத்த மட்டும் தொறந்து காட்டணும், உன் எடத்தச் சொல்ல மாட்டே!”

எல்லாப் பெண்களும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். அவரும் காது சிவக்கச் சிரித்தார். அடுத்த வாரம் அவர்களுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வந்தார். எந்தக் கடை முறுக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். வெகுநேரம் டப்பா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். படித்து முடித்த புதிதில், வேறொரு கழிமுகத்தில் ஒரு சிப்பியைக் கண்டுபிடித்தாராம். அந்தத் துறையில் பெரியவர் ஒருவர், மெட்ராஸில் இருப்பவர், தோளில் கை போட்டு “எங்கேப்பா கிடைச்சது?” என்று கேட்டிருக்கிறார். ஆறு மாதத்தில் அது பெரியவரின் பெயரில் கட்டுரையாக வந்துவிட்டது. “ஒரு தடவைதான் சார் சொன்னேன். ஒரே ஒரு தடவை.”

எனக்கு மனசு இளகிவிட்டது. இளகிய மனசு அரசு ஊழியருக்கு ஆகாது. அவர் கட்டுரை எழுதத் தொடங்கியிருந்தார். நத்தை கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும், அந்தச் சேற்றுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை என்றார். நான் தாலுகா ஆபீஸில் அந்த நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் மேல் மெழுகுத் தாளை வைத்து, மை தொட்டு, அளவு பிசகாமல் நகல் எடுத்தேன். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை எல்லாம் என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். புலப்பட நகல் வேண்டுமென்றால் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, தாசில்தார் உத்தரவோடுதான் வாங்க வேண்டும். நான் மனுவும் வாங்கவில்லை, உத்தரவும் வாங்கவில்லை. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் நான் மீறிய ஒரே நடைமுறை அது. அவர் அதைப் பத்திரம் மாதிரி வாங்கி, எட்டாக மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“சார், இதை யாருக்கும்...”

“நான் ஏன் சொல்றேன்?” என்றேன்.

அந்த வருஷம்தான் உப்புக் குத்தகைக்கு மனு வந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர், ஓடையை ஒட்டிய இருபது ஏக்கரைப் பாத்தி கட்டக் கேட்டிருந்தார். அதில் மங்காத்தா காட்டிய முனையும், அவர்கள் இறால் தடவும் சேறும் சேர்ந்த ஆறு ஏக்கர் அடக்கம். எங்கள் பதிவேட்டில் அதன் பெயர் ‘உவர் தரிசு’. இருபது குடும்பத்தின் சோறும் உலகத்தில் வேறெங்கும் காணாத ஒரு ஜீவனும் இருந்தாலும் பதிவேட்டுக்கு அது தரிசுதான். மனுதாரர் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை. முறைப்படி மனு, முறைப்படி வரைபடம். தண்டோரா போட்டு, சாவடியில் நோட்டீஸ் ஒட்டி, ஆட்சேபணைக்குக் கெடு கொடுத்தோம்.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் மங்காத்தா ஈரப் புடவையோடு என் வாசலில் நின்றாள்.

“ஆர்ஐ சாரு, அந்த எடம் போச்சுன்னா நாங்க எங்க போயி ஒக்காருவோம்? கடலுக்குள்ளயா?”

“ஆட்சேபணை மனு கொடு.”

“குடுத்தா?”

உண்மையைச் சொன்னேன். புறம்போக்கில் இறால் தடவியதற்குப் பட்டா கிடையாது, ரசீது கிடையாது, அனுபவ பாத்தியம் என்று எழுத ஒரு வரி ஆதாரம் கிடையாது. மனு கோப்பில் சேரும். அதன் மேல் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று எழுதப்படும். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஆபீஸில் என்ன அர்த்தம் என்பதை அவளிடம் விளக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கே தெரிந்திருந்தது.

தாசில்தார் எச்சரிக்கையான மனிதர், கெட்டவர் அல்ல. அவரிடம் நத்தையைப் பற்றிச் சொன்னேன். “கல்லூரி ஆளு ஒருத்தர் வந்து, இந்த எடத்துல ஆராய்ச்சி நடக்குது, இது இங்க மட்டும்தான் இருக்குதுன்னு வாக்குமூலம் கொடுத்தார்னா, அந்த ஆறு ஏக்கரை நீக்கிட்டு மேலே எழுதறேன். காகிதம் வேணும்யா எனக்கு. நத்தை வேணாம், காகிதம் வேணும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டப்பா சாரிடம் கேட்டேன். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்டிப்பா வர்றேன் சார். அந்தப் பொம்பளைங்க இல்லைன்னா எனக்கேது நத்தை?” என்றார். நான் நேராகக் குப்பத்துக்குப் போய், “கவலைப்படாதே. டப்பா சார் வந்து சொல்றாரு. ஆறு ஏக்கர் தப்பிச்சது” என்று மங்காத்தாவிடம் சொன்னேன். விசாரணைக்கு முன்பே முடிவைச் சொல்வதும் நடைமுறைக்கு விரோதம்தான். ஆக, மீறியது இரண்டு.

தை மாதம் சாவடியில் விசாரணை. அவர் காலையிலேயே வந்துவிட்டார். சலவைச் சட்டை. கையில் டப்பா இல்லை, அது எனக்கு என்னவோ போல இருந்தது. தாசில்தார் ஜீப் வர நேரமாகும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சாவடி வாசலையே திரும்பத் திரும்பப் பார்த்தார். தைரியம் சொல்லலாம் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே தைரியத்தைச் சொன்னேன். அதாவது நடைமுறையை.

“நீங்க சொல்றதை நான் எழுதுவேன். எழுதினதைப் படிச்சுக் காட்டுவேன். சரின்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா அது நிரந்தர ரிக்கார்டு. அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரு எழுத்தை மாத்த முடியாது.”

“ரிக்கார்டுன்னா... யாரு பாப்பாங்க?”

“யார் வேணும்னாலும்! மனு எழுதி ஸ்டாம்ப் ஒட்டினா நகல் கொடுத்தாவணும். மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் கேட்டாக்கூட இல்லைன்னு சொல்ல முடியாது.”

பெருமையாகச் சொன்னேன். எங்கள் ஆபீஸின் நேர்மைக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை என்பது என் எண்ணம். அவர் டீயைக் கீழே வைத்தார். ஆடை படிந்து அது அப்படியே இருந்தது.

“கட்டுரை இன்னும் அச்சுக்குப் போவல சார்,” என்றார் மெதுவாக.

“அதுக்கும் இதுக்கும் என்ன?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். ஜீப் வந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலை வாங்கிக்கொண்டுதான் நான் எழுந்திருக்க வேண்டும்.

சாவடித் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஒருத்தியும் ஓடையில் இறங்கவில்லை. டப்பா சாரைப் பார்த்ததும் மங்காத்தா பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சிரித்தாள். தாசில்தார் பெயர், வயது, தொழில் கேட்டார். நான் எழுதினேன். நத்தை உண்டா என்றார். உண்டு. புதிய இனமா? அப்படி நம்புகிறேன். வேறெங்கும் இல்லாததா? நானறிந்து இல்லை.

“எந்த இடத்தில் எடுத்தீர்கள்?”

என் பேனா ‘சர்வே எண்’ என்று முன்கூட்டியே எழுதிவிட்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கை தானாக உயர்ந்தது. அந்த அரைவட்டம். ஆனால் இந்த முறை அது பாதியில் நின்று, தெற்கே நீண்டது.

“கூனிமேட்டுப் பக்கம்.”

“இந்த ஓடையில்?”

“இங்கே பார்த்ததில்லை.”

மங்காத்தா எழுந்துவிட்டாள். “அய்யோ, இன்னா சார் சொல்றே? என் பக்கத்துல குந்தி பொறுக்கினியே சார்! நான்தானே சார் காட்னேன்! முறுக்கு வாங்கியாந்து குடுத்தியே, அது எங்க? அதுவும் கூனிமேட்லயா?”

“அம்மா, உங்க முறை வரும், அப்போ பேசுங்க,” என்றார் தாசில்தார்.

அவள் முறை வந்தபோது அழுதுகொண்டே பேசினாள். அதையும் எழுதினேன். அழுகையை எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டியது என் வேலை. சபை நடுவில் நின்று, “மேற்படி நத்தை இவ்வூர் ஓடையில் இல்லை என்றும் கூனிமேட்டுப் பக்கம் உள்ளது என்றும் சொல்கிறேன்” என்று என் வாயாலேயே படித்தேன். “படித்துக் காட்டக் கேட்டேன், சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். எட்டாக மடித்த என் மெழுகுத் தாளின் ஓரம் வெளியே தெரிந்தது.

நான் அதை எடுத்துத் தாசில்தார் மேஜையில் வைத்திருந்தால் போதும். ஒரு நிமிஷத்தில் ஆறு ஏக்கர் தப்பியிருக்கும். கூடவே, உத்தரவு இல்லாமல் அரசாங்கப் புலப்படத்தை நகல் எடுத்துக் கொடுத்ததற்கு எனக்கு, வேலையே போகக்கூடிய பதினேழு பி சார்ஜ் மெமோவும் வந்திருக்கும். எமர்ஜென்சி காலம். அரை மணி நேரம் தாமதமாக வந்தவனுக்கே விளக்கம் கேட்ட காலம். நான் பேனாவை மூடினேன். அவர் கூட்டை மூடினார். இரண்டு மூடிகளும் அந்த நத்தையின் மூடி போலச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. நான் ஏமாற்றப்பட்டவன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். மங்காத்தாவிடம் மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன்.

“ஏன் சார்?”

“ஒரு வருஷம் சார். கட்டுரை வந்துட்டா நானே வந்து எடத்தைச் சொல்லிடறேன். அவரு இன்னும் மெட்ராஸ்லதான் இருக்காரு. உங்களுக்குத் தெரியாது, அவருக்கு எல்லா ஆபீஸ்லயும் ஆளு இருக்குது.”

“முப்பது நாளில் அப்பீல் இருக்குது. அதுக்குள்ள வந்து உண்மையைச் சொல்லுங்க. நானே எழுதித் தர்றேன்.”

“வர்றேன்,” என்றார்.

முப்பது நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி நின்றுபோனது. அவர் வீட்டுப் பூஜை அறையில் திருநீறும் நின்றிருக்கும்.

குத்தகை உத்தரவானது. ஓடையின் முனையை வரப்பு வெட்டி மறித்து, மதகு வைத்து, பாத்தி கட்டினார்கள். அந்தக் கோடையில் உமரி கருகியது. ஊரிகள் வெள்ளையாக, வாசல் திறந்து, காற்றில் சலசலத்துக் கிடந்தன. நெல் உமியைக் கொட்டியது போல. மங்காத்தாவும் சில பெண்களும் காலை பஸ்ஸில் கூனிமேட்டுப் பக்கம் இறால் தடவப் போனார்கள்.

“எங்க போறே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“டப்பா சாரு காட்ன எடத்துக்குத்தான்,” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பறி நாறுகிறது என்று கண்டக்டர் பாதி நாள் ஏற்றமாட்டார். ஏறிப் போனாலும் அங்கே சேறு ஏற்கெனவே வேறு பெண்களுடையது. ஒரு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய முனைக்கே திரும்பினார்கள், உப்புச் சுமக்க. தாங்கள் உட்கார்ந்த இடத்தின் மேல் கூடையோடு நடந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து எனக்கு ஒரு புக் போஸ்ட் வந்தது. அப்போதும் நான் அதே பிர்க்காவில்தான். மாறுதல் கேட்டு மனு போடவில்லை. உள்ளே வழவழப்பான தாளில் ஆறு பக்கக் கட்டுரை. நத்தையின் படம், வாய் விளிம்பின் படம், தடிமன் அளவு. அவர் ஜெயித்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் கிடைத்த இடம். மரக்காணம், ஓடை, சர்வே எண், உட்பிரிவு. வடக்கே உப்பளம், தெற்கே ஓடை, கிழக்கே மணல்மேடு, மேற்கே வண்டிப்பாதை. என் மெழுகுத் தாளிலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்திருந்தார். ஆயுசில் முதல் முறையாக ஒரு இடத்தை முழுசாகச் சொல்லியிருந்தார், அந்த இடம் இல்லாமல் போன பிறகு.

கூடவே ஒரு கடிதம். என் உதவியை மறக்க முடியாது, குப்பத்துப் பெண்களையும் தினமும் நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் அதை நம்பினேன். அதுதான் அவரிடம் இருந்த தொல்லை. கடைசிப் பத்தியில் விஷயம். மெட்ராஸ் பெரியவர் இது தனி இனமே இல்லை, பெரிய ஊரியின் குஞ்சுதான் என்று எதிர்க்கட்டுரை எழுதப் போகிறாராம். இவர் எடுத்து வைத்தவை எல்லாம் வெறும் ஓடுகள். உள்ளே ஜீவனோடு பத்து நத்தை காட்டினால்தான் வாயடைக்க முடியும். கூனிமேடு வரை சல்லடை போட்டுத் தேடியும் ஒன்றுகூட இல்லை. ‘தங்களுக்கு அங்குள்ள ஒவ்வொரு அடி நிலமும் தெரியும். இப்போது எந்த இடத்தில் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதினால் என் வாழ்நாள் உழைப்பு பிழைக்கும்.’

கடிதத்தை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். மங்காத்தா கூடையை இறக்கிவிட்டு, உப்பு அப்பிய கையைப் புடவையில் துடைத்தபடி நான் படித்ததைக் கேட்டாள். படத்தைக் காட்டினேன்.

“நெல்லு ஊரிதான்,” என்றாள். “வா சார்.”

மதகுக்குக் கூட்டிப்போனாள். கடல் தண்ணீர் பாத்திக்குள் நுழையும் வாய். பலகைக்கு வெளியே, செங்கல் சுவரின் அடியில், வெள்ளம் ஏறி இறங்கும் ஒரு சாண் அகலத்தில் பாசி படிந்திருந்தது. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். பழுப்பு மணிகள் நகர்ந்துகொண்டிருந்தன. எண்ணவில்லை, பத்துக்கு மேல் இருக்கும். நூறு இருக்காது.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“போன மழைக்கு முன்னாலேர்ந்து. யாரு கேட்டா, சொல்றதுக்கு?”

“பத்து வேணுமாம் அவருக்கு.”

“மிச்சம் இன்னா ஆவும்?”

“நூறு பேர் வந்து எடுப்பாங்க. நத்தைக்குப் பேர் வந்துடுச்சு இல்ல.”

அவள் மதகுச் சுவரில் உட்கார்ந்தாள்.

“பாவம் சார் அந்த ஆளு,” என்றாள். பிறகு, “ஆனா நீ எழுதாத” என்றாள்.

கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது ஒழுங்கீனம். சட்டைப் பையில் போஸ்ட் கார்டு எப்போதும் இருக்கும். மதகுச் சுவரின் மேல் வைத்து எழுதினேன். அவர் பெயர், கல்லூரி, தெரு, ஊர், புதிதாக வந்திருந்த பின்கோடு வரை முகவரியில் ஒன்றையும் விடவில்லை. விஷயப் பக்கத்தில் இரண்டே சொல்.

“இன்னா எழுதினே?” என்றாள்.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது நடைமுறை. எழுந்து நின்று, சாவடியில் படித்த அதே குரலில் படித்தேன்.

“இந்தப் பக்கம்தான்.”

கேட்டாள். சரி என்று ஒப்புக்கொண்டு, கூடையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள்.